லயத்து வீட்டுக் காய்கறித் தோட்டம்



நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, "நீங்கள் உண்ணும் கீரை எங்கிருந்து வருகிறது?" என்று வினவினேன். "காய்கறி வேனிலிருந்து, ஐயா" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை பகர்ந்தது. விடை தவறன்று. வாரத்தில் இரண்டு நாள் லயத்து முனையில் ஒலியெழுப்பி நிற்கும் அந்த வேனைச் சுற்றித்தான் நம் தாய்மார் கூடுகின்றனர். ஒரு சிறுவன் மட்டும் எழுந்து, "எங்கள் வீட்டுக் கீரை செம்பனங்காட்டிலிருந்து வருகிறது, ஐயா. பாட்டி பறித்து வருவார்" என்றான். மற்றவர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்ன விடையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

காட்டோரங்களில் குப்பைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் மணத்தக்காளியும் வல்லாரையும் தாமே முளைக்கும். அவற்றைப் பறித்துச் சமைப்பது நம் குடும்பங்களின் பழைய வழக்கம். ரப்பர் மரங்கள் நின்ற காலத்திலும் புல்லுக்கு மருந்து அடிக்கப்பட்டதுண்டு. எனினும் அக்காலத்தில் பெரிதும் பயன்பட்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லி பட்ட இலை, வெயில் ஏறியதும் வாடி, ஓரிரு நாளில் தீயில் வாட்டியது போலக் கருகிவிடும். கண்ணால் கண்டே, "இது மருந்து பட்டது" என்று ஒதுக்கிவிடுவர். மனித உயிருக்குப் பெருங்கேடு விளைத்த அம்மருந்துக்கு நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு தடை அறிவிக்கப்பெற்றது. 2006இல் அத்தடை தளர்த்தப்பெற்றது. இறுதியில் 2020 சனவரி முதல் நாள் தொட்டு முற்றாக விலக்கப்பட்டது. அது நல்ல செய்தியே.

ஆனால் இன்று தோட்டங்களில் பயன்படும் கிளைபோசேட் என்னும் மருந்தின் இயல்பு வேறு. அது இலை வழியே உட்புகுந்து, சாற்றோடு கலந்து, வேர்வரை இறங்கிச் செடியை மெல்ல மெல்லச் சாகடிப்பது. மருந்து பட்ட பின்னரும் நான்கைந்து நாள், சில வேளைகளில் ஒரு வாரத்திற்கும் மேலாக, இலை பசுமை மாறாமல் நிற்கும். அதைப் பறிப்பவருக்கு ஐயம் எழ இடமில்லை. உள்ளே சென்றுவிட்ட மருந்தை எத்தனை முறை கழுவினாலும் போக்கவியலாது. மருந்தடிக்கும் வேலையில் உள்ள பெற்றோர் எந்த வரிசையில் எந்த நாள் அடித்தோம் என்பதை அறிவர். கூடையோடு செல்லும் பாட்டி அதனை எவ்வாறு அறிவார்?

ஆகவே காட்டுக்கீரையைப் பறிக்காதீர் என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், நான் ஒரு குடும்பத்தின் கறியைப் பறித்தவன் ஆவேன். அதே கீரையை வீட்டின் பின்புறத்தில் வளர்க்கும் வழியைச் சொல்வதே முறை.

வீட்டுத் தோட்டம் நமக்குப் புதிதன்று. குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிடுவதற்கு ஒதுக்கப்படல் வேண்டும் என்ற விதி ஆங்கிலேயர் காலத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. அஃது ஏறத்தாழ 2,700 சதுர அடியாகும். எழுத்தில் இருந்த நிலம் எல்லாரது கைக்கும் வந்ததா என்பது வேறு வினா. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் பர்மா, சயாம் அரிசி வரத்துக் குறைந்தபோது, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே எத்தனையோ லயங்களில் அடுப்பை எரியச் செய்தன. 1974ஆம் ஆண்டு துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்த காலத்தில் அரசாங்கம் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றிக் காய்கறி பயிரிடுமாறு மக்களை ஊக்குவித்தது. அண்மையில் 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வேன் வராத நாள்களில் பின்புறத்தில் முருங்கை நின்ற வீட்டினர் அண்டை வீட்டாருக்கும் ஒடித்துக் கொடுத்ததை நான் கண்டேன்.

இனி, என் தோல்வி ஒன்றைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு தோட்டப் பள்ளியில் மாணவரைக் கொண்டு 40 கத்தரி நாற்றுகள் நடுவித்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தோட்டக்கலை பயின்றவன் என்ற பெருமிதம் எனக்கு இருந்தது. செடிகள் பூத்தன; முதற்பிஞ்சும் விட்டன. அந்த வாரத்திலேயே ஒரு செடி நண்பகலில் தலை தொங்கியது. நீர் ஊற்றினோம். மறுநாள் மூன்று செடிகள். மூன்றாம் வாரத்தில் முப்பதுக்கும் மேல். இலை பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டு மடிந்தது. தம் பெயரெழுதிய குச்சியைச் செடியருகில் நட்டிருந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. விதைக்கடைக்காரரை நொந்துகொண்டேன்.

ஒரு மாணவியின் பாட்டி, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், வேலியருகே நின்று என்னிடம் சொன்னார்: "ஐயா, செடியைக் கோபித்து என்ன பயன்? மண்ணுக்குச் சோறு போட்டீர்களா? அதோ, அந்தச் சுண்டைக்காய்ச் செடியைப் பாருங்கள். அதே மண்ணில்தானே நிற்கிறது, வாடிற்றா?" உண்மைதான். கத்தரிக்கு நெருங்கிய உறவான சுண்டை, வேலியோரத்தில் ஆள் உயரம் வளர்ந்து காய்த்துக் குலுங்கியது. பின்னர் வேளாண்மைத் துறை அலுவலர் ஒருவர் வந்து, வாடிய செடியின் தண்டை நறுக்கி ஒரு கண்ணாடிக் குவளை நீரில் தொங்கவிட்டார். சிறிது நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெள்ளை இழை நீரில் இறங்கியது. அந்த இழை முழுவதும் நுண்கிருமி. மண்ணில் வாழும் அது வேர்க் காயத்தின் வழியே நுழைந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் அது தாக்கும். ஈரமும் வெப்பமும் மிக்க நம் மண் அதற்கு ஏற்ற உறைவிடம். இந்நோய்க்கு மருந்து அடித்துப் பயனில்லை.

பாட்டி காட்டிய சுண்டையிலேயே அதற்கு வழி இருந்தது. சுண்டை விதையைக் கத்தரிக்கு மூன்று நான்கு வாரம் முன்னதாக விதைக்க வேண்டும். அது மெதுவாக வளர்வது. இரண்டின் தண்டும் ஒரே பருமனாகி, பென்சில் அளவை எட்டியதும், சுண்டைத் தண்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெட்டி, நடுவே பிளக்க வேண்டும். கத்தரித் தளிரின் அடியை ஆப்புப் போலச் சீவி அப்பிளவில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் கட்டி, மேலே ஒளிபுகும் பையொன்றைக் கவிழ்த்து, நிழலில் பத்து நாள் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நடும்போது ஒட்டுவாய் மண்ணில் புதையலாகாது. புதைந்தால் கத்தரி தானே வேர்விட்டு மீண்டும் நோய்க்கு ஆளாகும். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர், பெரியவர் ஒருவர் அருகிருக்க இதனைச் செய்து பார்க்கலாம். பத்தில் ஆறு பிடித்தால் கைராசிக்காரர் எனக் கொள்ளலாம்.

"மண்ணுக்குச் சோறு" என்று அம்மூதாட்டி சொன்னதன் பொருளை விளக்குதல் வேண்டும். நம் நாட்டின் பல பகுதிகளில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பெய்கிறது. அம்மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கொண்டுபோய்விடுகிறது. எஞ்சி நிற்கும் செம்மண் புளித்த மண். அதன் அமில அளவு பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில் இருக்கும். காய்கறிகளோ 6 அல்லது 6.5 அளவையே விரும்புவன. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரின் நுனியைக் குட்டையாக்கிவிடும். அதனால்தான் உரம் இட்டும் செடி வளரவில்லை என்று பலர் வருந்துகின்றனர். உண்ணும் வாய் கெட்டிருக்கும்போது விருந்து படைத்து என்ன பயன்?

இம்மண்ணைத் திருத்த, தோட்டக்கலைக் கடைகளில் கிடைக்கும் டோலோமைட் சுண்ணாம்புத் தூளைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் தூவி, ஒரு சாண் ஆழம் கொத்திக் கலந்து, இரண்டு வாரம் விட்டுவிட வேண்டும். விறகடுப்பு உள்ள வீடுகளில் சாம்பலையும் சிறிதளவு சேர்க்கலாம். வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பு வேண்டா. அது கடுமை மிக்கது. சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் இடுவது பலர் செய்யும் பிழை. இரண்டும் கலந்தால் எருவிலுள்ள தழைச்சத்து ஆவியாகி, மூக்கைத் துளைக்கும் நாற்றமாக வெளியேறிவிடும். இரண்டு வாரம் கழித்து, நன்கு மக்கிய கோழி எருவையோ மாட்டெருவையோ சதுர மீட்டருக்கு 2 அல்லது 3 கிலோ இடுக. பச்சைக் கோழி எரு வேரைச் சுட்டுவிடும்.

பாத்தி நான்கடி அகலத்திற்கு மேற்படாதிருந்தால், இரு புறமும் நின்று கைக்கு எட்டும். உள்ளே கால் வைக்க வேண்டியதில்லை. மழைநீர் தேங்காதபடி முக்கால் அடி உயர்த்துக. நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். செம்பனை நிழல் விழும் பக்கத்தில் பாத்தி கட்டி ஏமாந்தவர் பலர். சாக்கடை நீரைக் கீரைக்குப் பாய்ச்சலாகாது; குடற்புழுவும் கிருமியும் அதன் வழியே உணவுக்கு வரும்.

ஆலையிலிருந்து வரும் வெறுங்குலைகளைத் தோட்ட நிர்வாகத்தின் இசைவோடு பெற முடிந்தால், செடிகளுக்கிடையே ஓரடுக்காகப் பரப்பலாம். ஈரம் காக்கும், சாம்பல் சத்தும் தரும். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு அதனுள் முட்டையிட்டுப் பெருகும். தோட்டத்து உர மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி வருவது திருட்டு என்பது ஒருபுறமிருக்க, செம்பனைக்கு இடப்படும் சில உரங்களில் போரான் கலந்திருக்கும். செம்பனைக்கு அது மருந்து. அவரை இனத்துக்கு அதுவே நஞ்சு.

எதைப் பயிரிடுவது? கேமரன் மலையில் விளையும் முட்டைக்கோசைத் தாழ்நிலத்தில் வளர்க்க முயன்று மனம் சலிக்க வேண்டா. நம் வெப்பத்திற்கு இசைந்தவை எத்தனையோ உள. தண்டுக்கீரையும் கங்கோங் என நாம் வழங்கும் வள்ளைக்கீரையும் விதைத்த 25 அல்லது 30 நாளில் சட்டிக்கு வரும். பாத்தியை மூன்றாகப் பிரித்துப் பத்து நாளுக்கு ஒரு பகுதியாக விதைத்தால், ஒரே வாரத்தில் மிகுந்து மறுவாரம் இல்லாமற்போகும் நிலை நேராது. வெண்டையும் நீளப்பயறும் ஏறத்தாழ 50 நாளில் காய்க்கத் தொடங்கும். பயறு படர்ந்த பாத்தியில் அடுத்துக் கீரை விதைப்பது நன்று. பயற்றின் வேர்முடிச்சுகள் தழைச்சத்தை மண்ணில் விட்டுச்செல்லும். பாகலையும் புடலையையும் பந்தலில் ஏற்றுக. பாகற்பிஞ்சு விரல் நீளம் இருக்கும்போதே பழைய செய்தித்தாளைச் சுற்றிவிட்டால் பழ ஈ முட்டையிட முடியாது. இதற்கு ஒரு காசும் ஆவதில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்த வேலையும் இதுவே.

ஒருமுறை நட்டுப் பல்லாண்டு பறிப்பவற்றையே வேலை மிக்க குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வேன். அவற்றுள் தலையாயது முருங்கை. கைத்தடிப் பருமனும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள கொம்பை மேட்டில் நட்டால் போதும். நீர் தேங்கினால் அழுகும். ஓயாத மழையில் காய் அரிதாகப் பிடிக்கலாம். ஆயினும் நமக்கு வேண்டியது இலை. ஆள் உயரத்திலேயே நுனியை ஒடித்துவந்தால் சிறுவர் கைக்கும் எட்டும். அடுத்தது, மலாய்க்காரர் சாயூர் மானிஸ் என்று வழங்கும் தவசிக்கீரை. ஒரு சாண் குச்சியை நட்டால் இரண்டு மூன்று மாதத்தில் வேலி போலத் தழைக்கும். இதனைச் சமைத்தே உண்ண வேண்டும். உடல் மெலியும் என்று நம்பி இதன் பச்சைச் சாற்றை நாள்தோறும் குடித்த பலர், 1990களின் நடுவில் தைவான் நாட்டில் நுரையீரல் கெட்டு மீளாத மூச்சுத்திணறலுக்கு ஆளாயினர். நல்ல கீரைக்கும் அளவும் முறையும் உண்டு. மரவள்ளிக் கிழங்கும் அத்தகையதே. தோலை முற்றாக நீக்கி, நிறைய நீரில் மூடாமல் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும்.

கறிவேப்பிலை இல்லாத தமிழர் வீடு உண்டோ? இலையை உருவாமல் கிளை நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். எலுமிச்சை மரத்திற்கு அருகில் மட்டும் இதனை வைக்கலாகாது. எலுமிச்சை இனத்தைப் பாழாக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையில் தங்கி வாழும். செராய், பாண்டான் இலை, இஞ்சி, மஞ்சள் ஆகியவை சுவரோரத்தில் சிறிது நிழலிலும் வளர்வன. துளசி, கற்பூரவல்லி, வல்லாரை, கீழாநெல்லி ஆகியவற்றையும் ஒரு மூலையில் வைத்துப் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். சளிக்குக் கற்பூரவல்லிச் சாறு கொடுப்பதை யான் குறை சொல்லேன். ஆனால் கண் மஞ்சளாயினாலும், காய்ச்சல் மூன்றாம் நாளைத் தாண்டினாலும் மூலிகையை நம்பிக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

காய்ச்சலைப் பற்றிச் சொன்னதால் கொசுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தேங்கு நீரில் முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும். பூச்சட்டித் தட்டு, பழைய டயர், மூடியற்ற தோம்பு ஆகியவை அதன் தொட்டில்கள். இவற்றில் புழு வளரவிடுவது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி குற்றமுமாகும். நீர்த் தோம்பை வலையால் மூடி, வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுக. மருந்து வந்த நீலத் தோம்பையும் காலி டின்னையும் நீருக்கோ செடிக்கோ பயன்படுத்தவே கூடாது. மருந்தடித்துத் திரும்பியவர் குளித்து உடை மாற்றிய பின்னரே பாத்தியில் கை வைக்க வேண்டும். மிச்ச மருந்தைக் கொண்டுவந்து வீட்டுக் கால்வாய்ப் புல்லுக்கு அடிக்கும் வழக்கம் சில லயங்களில் உண்டு. அண்டை வீட்டுக் கீரை நாலடி தொலைவில் இருக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இரவில் வரும் பெரிய நத்தைகளை வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளே. மூளையைத் தாக்கும் புழு அவற்றில் இருக்கக்கூடும். உறையணிந்த பெரியவர் பொறுக்கி எடுக்கட்டும். கீரையையும் நன்கு கழுவிச் சமைக்க வேண்டும். கோழிக்கு வேலி வேண்டும். குரங்குக்கு எந்த வேலியும் போதாது.

விளைந்த கீரை சட்டியில் ஏறிய பின்னும் ஒரு செய்தி உண்டு. நம் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் இரத்தச் சோகை காணப்படுகிறது. கீரையில் இரும்புச்சத்து இருந்தும், அதனை உடல் ஏற்பது அரிது. உணவோடு தேநீர் பருகினால் அச்சிறு பங்கும் குறையும். ஆதலால் சோறு உண்டு ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் அருந்துக. கீரையில் சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இரும்புச்சத்து மிகுதியாகச் சேரும். சிறிது எண்ணெயோ தேங்காய்த் துருவலோ சேர்த்தால் கண்ணுக்கு வேண்டிய சத்தும் வீணாகாது. காலையில் வெறும் தேநீரும் ரொட்டியுமாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்ட குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்றும் நம் பள்ளிக்கே வருகின்றனர். அவர்களுக்கு மண் இல்லை. ஆயினும் வெயில் விழும் நடைகூடம் இருக்கும். அடியில் துளையிட்ட வாளியில் மிளகாயும், அகன்ற தொட்டியில் தண்டுக்கீரையும் வளரும். பிறர் நடக்கும் வழியை அடைக்காமலும், சட்டியைச் சுவர் விளிம்பில் வைக்காமலும் இருந்தால் சரி.

பள்ளியின் பின்வேலியோரம் இப்பொழுது தவசிக்கீரையும் முருங்கையும் தழைத்து நிற்கின்றன. குச்சியும் கொம்பும் வேண்டுவோர் தம் பிள்ளையிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினால், வெள்ளிக்கிழமை பள்ளி முடியும் நேரத்தில் வெட்டித் தரப்படும். செம்பனங்காட்டுக் கீரையைப் பற்றிச் சொன்ன அச்சிறுவனின் பாட்டியே முதலில் வந்தார். தவசிக் குச்சிகள் ஆறு வாங்கிக்கொண்டார். மறுவாரம் மீண்டும் வந்து, "இது உங்களிடம் இல்லையே, ஐயா" என்று, ஈரத்துணியில் சுற்றிய தூதுவளைக் கொடி ஒன்றைக் கொடுத்துச் சென்றார். அது வேர் பிடித்துவிட்டது.